நாவலாசிரியர் திரைக்கதை எழுத வரும்போது: கதை சொல்லும் முன்பும் கையெழுத்துப் போடும் முன்பும்

என் நாவலின் படமாக்கும் உரிமையை எழுதிக் கொடுத்து ஆறு வருடம் ஆகிறது. படம் வரவில்லை, வருவதற்கான அறிகுறியும் இல்லை. இதற்குள் இரண்டு பேர் அந்த நாவலைக் கேட்டு வந்தார்கள். இரண்டு பேரிடமும் "உரிமை என்னிடம் இல்லை" என்று சொல்லி அனுப்பினேன். கதையை யாரும் திருடவில்லை. நானேதான் மூன்று பக்க ஒப்பந்தத்தில், அட்வான்ஸ் செக்கைப் பார்த்த சந்தோஷத்தில், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். சினிமாவுக்கோ வெப் சீரிஸுக்கோ எழுதப் புதிதாக வருகிறவர்கள், அதிலும் ஏற்கெனவே நாவல் எழுதியவர்கள், இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம். பலர் நான்காவது படியில் தொடங்கிவிட்டு முதல் படிக்குத் திரும்பி ஓடுகிறார்கள்.

1. கதை இன்னும் உங்களிடம்தான் இருக்கிறதா என்று பாருங்கள்

நாவல் புத்தகமாக வந்திருந்தால் பதிப்பகத்தோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். "அச்சு உரிமை" என்று மட்டும் இருந்தால் கவலை இல்லை. "அனைத்து உரிமைகளும்" என்று இருந்தால் படமாக்கும் உரிமை யாரிடம் என்று தயாரிப்பாளரின் வக்கீல் முதல் நாளே கேட்பார். சட்டத்தின்படி அச்சிடுவது, மொழிபெயர்ப்பது, படமாக்குவது எல்லாம் தனித்தனி உரிமைகள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள முடியும். பதிப்பகத்தோடு எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்றால், தமிழில் அதுதான் அதிகம், "படமாக்கும் உரிமை ஆசிரியரிடமே உள்ளது, எங்களுக்கு ஆட்சேபனை இல்லை" என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல உறவு இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். எனக்கு இந்த ஒற்றைக் கடிதம் கைக்கு வர மூன்று வாரம் ஆனது.

நண்பரோடு சேர்ந்து எழுதிய கதை என்றால் யாருக்கு எவ்வளவு பங்கு, யார் பெயர் முதலில் என்று இப்போதே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு இயக்குநரிடம் மாதச் சம்பளத்தில் கதை டிஸ்கஷனில் இருந்த காலத்தில் எழுதியது என்றால் அது யாருடையது என்ற கேள்வி பின்னால் வரும். உங்கள் சொந்தக் கதையை அந்த அலுவலகக் கணினியில் தட்டச்சு செய்ய வேண்டாம்.

புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. அது புத்தகத்தை அடையாளம் காட்டும் எண் மட்டும்தான். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் இலவசமாகவே கிடைக்கிறது. உரிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

2. நாவலைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள்

முந்நூறு பக்க நாவலை யாரும் அலுவலகத்தில் உட்கார்ந்து படிக்க மாட்டார்கள். நான்கு காகிதங்கள் தயாராக இருக்க வேண்டும்: இரண்டு மூன்று வரியில் ஒன்லைன், இரண்டு பக்கத்தில் கதைச் சுருக்கம், காட்சிகளை வரிசையாக எழுதிய சீன் ஆர்டர், கடைசியாக வசனத்தோடு முழு பவுண்ட் ஸ்கிரிப்ட். கதையைச் சொல்லிவிட்டு வந்தபின் "சீன் ஆர்டர் அனுப்புங்க" என்பார்கள். அப்போது உட்கார்ந்து எழுதினால் அவர்களுடைய ஆர்வம் ஆறிவிடும். எனக்குச் சீன் ஆர்டருக்கு மட்டும் இரண்டு மாதம் பிடித்தது. நாவலை எழுதியவருக்கே நாவலை வெட்டுவது கடினமாக இருக்கிறது.

நாவலாசிரியர்கள் அதிகம் தடுமாறுவது மனதுக்குள் நடப்பதை எழுதும் இடத்தில். "அண்ணன் மேல் இருந்த கோபம் அவளுக்குப் பத்து வருடமாகியும் ஆறவில்லை" என்று நாவலில் எழுதியிருந்தேன். கேமராவுக்கு இந்த வரியால் பயனில்லை. திரைக்கதையில் அது இப்படி ஆனது: கல்யாணப் பந்தி. வரிசையாகச் சாம்பார் ஊற்றிக்கொண்டே வருகிறாள். அண்ணன் இலைக்கு முன்னால் வந்ததும் வாளியைப் பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அண்ணன் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறான். வசனம் ஒன்றுமில்லை. இப்படி ஒவ்வொரு "நினைத்தாள்", "உணர்ந்தான்" வரியையும் தேடிப் பிடித்து ஒரு செயலாக மாற்றுங்கள். மாற்ற முடியாததை விட்டுவிடுங்கள். அது நாவலில் பத்திரமாக இருக்கட்டும்.

வடிவத்தைப் பொறுத்தவரை, தமிழில் இடப்பக்கம் காட்சி விவரமும் வலப்பக்கம் வசனமும் என்று இரண்டு பத்தியாக எழுதும் பழைய முறையும் புழக்கத்தில் இருக்கிறது, ஆங்கிலத் திரைக்கதை முறையும் இருக்கிறது. போகிற அலுவலகத்தில் எது பழக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கில எழுத்துருவுக்கு வகுத்தது, தமிழுக்கு ஒத்துவராது. வாய்விட்டுப் படித்துக் கைபேசியில் நேரம் பாருங்கள்.

இன்னொன்று சின்னது, ஆனால் என்னை ஒரு வாய்ப்பிலிருந்தே தள்ளிவிட்டது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை அப்படியே அனுப்பினேன். எதிர்ப்பக்கம் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறந்திருக்கிறது. யாரும் அதை எனக்குச் சொல்லவும் இல்லை. யூனிகோடில் எழுதுங்கள், எழுதியதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எல்லாப் பக்கத்திலும் பெயர், தேதி, எத்தனையாவது வடிவம் என்பதை அடிக்குறிப்பாகப் போடுங்கள்.

3. சொல்வதற்கு முன் பதிவு செய்யுங்கள்

முதலில் சட்டம் எதைக் காக்கிறது, எதைக் காக்காது என்று புரிந்துகொள்ள வேண்டும். கருவுக்கு உரிமை கிடையாது. அதை நீங்கள் எழுதிய விதத்துக்குத்தான் உரிமை. தன் நாடகத்தை ஒரு இயக்குநருக்கு விரிவாகச் சொன்ன நாடகாசிரியர் ஒருவர், பிறகு வந்த படம் தன் நாடகம்தான் என்று வழக்குப் போட்டார். ஆர்.ஜி. ஆனந்த் வழக்கு என்று வக்கீல்கள் இன்றும் சொல்வது அதைத்தான். 1978இல் உச்ச நீதிமன்றத்தில் அவர் தோற்றார். கரு ஒன்றாக இருந்தாலும் கையாண்ட விதம் வேறு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே ஒன்லைனை மட்டும் பதிவு செய்துவிட்டுத் தைரியமாக இருக்காதீர்கள். சீன் ஆர்டராவது, முடிந்தால் வசனத்தோடு முழு ஸ்கிரிப்ட்டாகவே பதிவு செய்யுங்கள்.

பதிவுக்கு இரண்டு வழி.

முதலாவது டெல்லியில் உள்ள மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகம். நேரில் போகத் தேவையில்லை, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். படிவம் 14. இலக்கியப் படைப்பு என்ற பிரிவில் ஒரு படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். திரைக்கதைக்கும் இதே பிரிவுதான். திரைப்படம் என்ற பிரிவைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்தால் 5,000 ரூபாய் கேட்கும். அது எடுத்து முடித்த படத்துக்கானது. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஸ்கிரிப்ட்டின் பிடிஎஃப், அடையாளச் சான்று, ஸ்கேன் செய்த கையெழுத்து. ஏற்கெனவே நாவலாக வந்தது என்றால் பதிப்பகத்தின் ஆட்சேபனையின்மைக் கடிதமும் வேண்டும் (முதல் படியில் வாங்கச் சொன்னேனே, இதற்கும் அதுதான்). வக்கீல் மூலம் போட்டால் அவருக்கு அதிகாரப் பத்திரம்.

பணம் கட்டியதும் உங்கள் விண்ணப்பத்துக்கான டைரி எண் வரும். அதன்பின் யாராவது ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் காத்திருப்பார்கள். பிறகுதான் பரிசீலனை. குறை இருந்தால் கடிதம் வரும், அதற்கும் பதிலளிக்கக் கெடு உண்டு. மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியையும் வாரம் ஒருமுறை பாருங்கள். சான்றிதழ் கையில் வரப் பல மாதம் ஆகலாம். அதுவரை கதை சொல்லாமல் இருக்க வேண்டியதில்லை, விண்ணப்பித்த தேதியே ஒரு சாட்சி. பதிவு கட்டாயமும் இல்லை, எழுதிய கணமே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனால் தகராறு என்று வந்தால் சான்றிதழ் முதல்நோக்கு ஆதாரமாக நிற்கும். 500 ரூபாயில் இதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இரண்டாவது, சென்னையில் உள்ள தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கம். உறுப்பினராகச் சேர்ந்தவர்கள் தங்கள் கதையைப் பதிவு செய்து வைக்கலாம். சங்கத்தின் பலம் நீதிமன்றத்துக்கு வெளியே தெரியும். 2018 தீபாவளிக்கு வந்த ஒரு பெரிய படம் தன் கதை என்று ஒரு எழுத்தாளர் புகார் கொடுத்தபோது, அவர் பல வருடம் முன்பே சங்கத்தில் பதிவு செய்திருந்தது அவருக்குக் கைகொடுத்தது. இரண்டு கதைகளும் ஒத்துப்போகின்றன என்று சங்கம் சொன்னது. விஷயம் உயர் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்து, படத்தில் அவர் பெயருக்கு இடம் கிடைத்தது. சேர்க்கைக் கட்டணத்தையும் என்னென்ன ஆவணம் என்பதையும் சங்க அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். இடைத்தரகர் வேண்டாம்.

ஸ்கிரிப்ட்டைத் தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்தால் போதும் என்று இன்னமும் சொல்லித் தருகிறார்கள். பதிவுக்கு அது மாற்றாகாது. அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

4. கதை சொல்லப் போகும் நாள்

சாலிகிராமம், வடபழனி, வளசரவாக்கம் என்று அலைவதற்கு முன் யாரிடம் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த நிறுவனம் கடைசியாக எப்போது படம் எடுத்தது, எழுத்தாளருக்கு டைட்டில் கார்டில் பெயர் போட்டதா என்று பாருங்கள். ஓடிடி நிறுவனங்களுக்கு நேரடியாக ஸ்கிரிப்ட் அனுப்பிப் பயனில்லை. கேட்காமல் வரும் கதைகளை வாங்குவதில்லை என்று நெட்ஃபிளிக்ஸ் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. அவர்களோடு வேலை செய்யும் தயாரிப்பு நிறுவனம் மூலமாகத்தான் போக வேண்டும்.

சில அலுவலகங்களில் உள்ளே நுழையும்போதே ஒரு படிவம் நீட்டுவார்கள். "இதே போன்ற கதை எங்களிடம் ஏற்கெனவே இருக்கலாம், அதற்காக வழக்குத் தொடர மாட்டேன்" என்ற பொருளில் இருக்கும். பெரிய நிறுவனங்களில் இது வழக்கம்தான், பயந்து ஓட வேண்டாம். ஆனால் ஒரு நகல் கேட்டு வாங்குங்கள், உங்கள் கதையின் தலைப்பையும் பதிவு எண்ணையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

சொல்லிவிட்டு வந்த அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் இப்போது அனுப்புவது இவ்வளவுதான்: "வணக்கம் சார். இன்று மாலை 4 மணிக்கு உங்கள் அலுவலகத்தில் இந்தத் தலைப்பிலான என் கதையைச் சொன்னேன். நீங்களும் உங்கள் கோ-டைரக்டரும் கேட்டீர்கள். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. கதைச் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன்." இதில் சந்தேகத் தொனி துளியும் இல்லை, யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. யாரிடம், என்று, எந்த வடிவத்தைச் சொன்னீர்கள் என்பதற்கு எழுத்தில் தேதி கிடைத்துவிடுகிறது. மின்னஞ்சல் இல்லாதவருக்கு வாட்ஸ்அப் போதும். அந்த உரையாடலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

உங்களிடமே பணம் கேட்பவரை உடனே விட்டு விலகுங்கள். ஆபீஸ் செலவுக்கு, ஹீரோவின் மேனேஜரைப் பார்க்க என்று ஏதாவது காரணம் சொல்வார்கள். எழுத்தாளருக்குப் பணம் வர வேண்டும், எழுத்தாளரிடமிருந்து போகக் கூடாது.

5. ஒப்பந்தம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

"பேசிக்கலாம் சார், நம்பிக்கைதானே" என்பார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் அது செல்லும். வாய்ப்பேச்சில் உரிமை கைமாறாது. பேச்சோடு நின்றிருப்பது ஒரு வகையில் உங்களுக்கு நல்லதுதான். அவசரப்பட்டு எழுதிக் கொடுப்பதில்தான் ஆபத்து.

முதலில், கேட்பது ஆப்ஷனா முழு உரிமையா என்று தெளிவுபடுத்துங்கள். ஆப்ஷன் என்றால், குறிப்பிட்ட காலம்வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் காத்திருக்க ஒரு சின்னத் தொகை. அதற்குள் அவர்கள் முழுத்தொகையைக் கொடுத்து வாங்கினால் உரிமை அவர்களுக்கு, இல்லையென்றால் கதை தானாக உங்களிடம் திரும்பிவிடும். புதியவருக்கு இதுதான் நல்லது. பன்னிரண்டு அல்லது பதினெட்டு மாதம் கொடுக்கலாம். நீட்டிக்க வேண்டும் என்றால் மறுபடி பணம் என்று எழுதுங்கள்.

முழு உரிமை என்றால் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒருமுறையாவது படித்துவிட்டுப் போங்கள். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்தப் பகுதிக்கு, எவ்வளவு தொகை என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்கிறது. காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், பகுதி எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும். உட்பிரிவு 4 எழுத்தாளருக்குப் பெரிய துணை: உரிமையை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். ஆனால் அதிலேயே ஒரு விதிவிலக்கு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும்.

என் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில், முகவரிக்கும் சாட்சிக் கையெழுத்துக்கும் மேலே, "பிரிவு 19(4) இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது" என்று ஒரே ஒரு வரி இருந்தது. அது என்ன பிரிவு என்று நான் கேட்கவே இல்லை. முதல் பக்கத்தில் "உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்று இருந்ததைப் பெருமையாகக்கூட நினைத்தேன். இரண்டு வருடம் கழித்து வக்கீலிடம் காட்டியபோது அவர் அந்த ஒரு வரியின் கீழே பேனாவால் கோடு போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அட்வான்ஸாக வந்த தொகை எப்போதோ செலவாகிவிட்டது, கதை இன்னும் அங்கேயே கிடக்கிறது. அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். மாட்டோம் என்றால், மூன்று வருடத்தில் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை திரும்பும் என்றாவது எழுதி வாங்குங்கள்.

அடுத்து, எந்தெந்த உரிமை. படம் ஒன்றுக்கா, வெப் சீரிஸுக்குமா, ரீமேக், டப்பிங், இரண்டாம் பாகம் எல்லாம் சேர்த்தா? ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை கேளுங்கள். நாவலை அச்சிடவும் மின்னூல், ஒலிநூல் ஆக்கவும் மொழிபெயர்க்கவும் உள்ள உரிமை ஆசிரியரிடமே இருக்கும் என்று தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் போடும்போது புழக்கத்திலேயே இல்லாத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பிட்டுச் சொல்லாதவரை, உரிமை போகாது. "இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும்" என்ற வாசகத்தைப் பார்த்தால் அதை அடித்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.

பணத் தவணையில் ஒரு பொறி இருக்கிறது. கையெழுத்தில் கொஞ்சம், மீதி "படப்பிடிப்பு தொடங்கும் நாளில்" என்பார்கள். அந்த நாள் உங்கள் கையில் இல்லை. ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுக்கிறீர்கள் என்றால் முதல் வடிவம் கொடுத்ததும், திருத்திய வடிவம் கொடுத்ததும் என்று உங்கள் வேலையோடு தவணையைக் கட்டுங்கள். எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்ற எண்ணிக்கையும் வேண்டும். அது இல்லாமல் ஒப்புக்கொண்டு ஒரே ஸ்கிரிப்ட்டை ஒன்பது தடவை எழுதியவரை எனக்குத் தெரியும்.

பெயர். "கதை", "திரைக்கதை", "வசனம்" என்று எந்தச் சொல்லோடு உங்கள் பெயர் வரும், தனிக் கார்டா, இயக்குநர் பெயரோடு சேர்ந்தா, போஸ்டரிலும் டிரெய்லரிலும் உண்டா என்று எழுதுங்கள். உரிமையை முழுதாகக் கொடுத்த பிறகும் படைப்பாளி நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆம் பிரிவில் உங்களிடமே இருக்கிறது. ஆனால் படம் வெளியான பிறகு அதை வைத்து நீதிமன்றம் போவதைவிட முன்னாலேயே ஒரு வரி எழுதுவது எளிது.

பதிப்புரிமையில் பழக்கமுள்ள வக்கீலிடம் ஒருமுறை காட்டுங்கள். காப்புரிமை (பேடன்ட்), பதிப்புரிமை (காப்பிரைட்) இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறவரிடம் போக வேண்டாம். நல்ல வக்கீல் வாங்கும் கட்டணம் அட்வான்ஸில் ஒரு சிறு பகுதிதான். கையெழுத்துக்கு ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். "இன்னைக்கே போட்டாத்தான்" என்பவரிடம் நானும் அன்று போட்டேன். அவசரம் அவர்களுக்கு ஒரு நாளோடு முடிந்துவிட்டது.

6. பணமும் வரியும்

பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரம், பில், இந்த மூன்றும் இல்லாமல் எந்தக் கணக்குப் பிரிவும் பணம் தராது. ஒரு நிறுவனத்திடமிருந்து வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே, பிடிப்பார்கள். பான் கொடுக்காவிட்டால் அது 20 சதவீதம். பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது காட்டினால் அதிகமாகப் பிடித்தது திரும்ப வரும். பிடித்துவிட்டு உங்கள் பான் எண்ணில் கட்டாமல் விடுவதும் நடக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரித்துறை இணையதளத்தில் சரிபாருங்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள்.

செக் வாங்கினால் அதன் தேதியிலிருந்து மூன்று மாதம்தான் உயிர். "கொஞ்ச நாள் போடாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே செல்லாமல் போன செக் என்னிடம் ஒன்று இருக்கிறது. திரும்பி வந்த செக்குக்கு, வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதன்பின் அவர்களுக்கு 15 நாள் அவகாசம். இந்தக் கெடுவைத் தவறவிட்டால் செக் வழக்குக்கான வழி அடைபட்டுவிடும்.

7. காத்திருக்கும் காலத்தில்

முதல் கதையைச் சொல்லத் தொடங்கியதிலிருந்து முதல் செக் வர எனக்கு இரண்டரை வருடம். அதுவரை சாப்பாட்டுக்கு வேறு வழி வேண்டும். கையில் இருக்கும் வேலையை விடாதீர்கள். தொலைக்காட்சித் தொடரில் கதை, திரைக்கதை, வசனம் மூன்றையும் வெவ்வேறு பேர் எழுதுவதும் உண்டு. வசனத்துக்கு எபிசோடு கணக்கில் கூலி வரும், தினம் எழுதும் வேகமும் பழகும். மின்னூலாகப் போட்ட பழைய நாவல்களிலிருந்தும் சிறிய தொகை வந்துகொண்டிருக்கும். நாவலுக்குத் தினம் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். இயக்குநர் மாறலாம், ஹீரோ தேதி தள்ளிப் போகலாம், நாவலை முடிப்பது உங்கள் கையில் இருக்கிறது.

வீட்டில் கதைக்கு ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். மேலே பதிப்பகத்தின் கடிதம், அடுத்து டைரி எண் அச்செடுத்த தாள், பிறகு ஒவ்வொரு வடிவத்தின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், அதன்பின் யாரிடம் எந்த நாளில் சொன்னேன் என்ற மின்னஞ்சல்களின் நகல், கடைசியில் ஒப்பந்தம். புதிய நாவலுக்கான கோப்பில் இப்போதைக்கு முதல் இரண்டு தாள்தான் இருக்கின்றன. சீன் ஆர்டர் முடிந்ததும் கதை சொல்ல நேரம் கேட்பேன்.